பள்ளி லேபில் நெட் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பத்து முதல் முப்பது கம்ப்யூட்டர் வரை உள்ள பள்ளி லேப்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு ஃபைபர் இணைப்பு, ஒரு ரவுட்டர், எல்லாக் கம்ப்யூட்டர் கேபிள்களையும் ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றோ இரண்டோ, தலைமையாசிரியர் அறையில் ஒரு கம்ப்யூட்டர், அலுவலகத்தில் ஒரு பிரின்டர். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும் பெரும்பாலும் அமைப்பு இதுதான். இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆள் இருப்பது அபூர்வம். கணினி ஆசிரியர் பார்ப்பார். அவர் இல்லாத இடத்தில் கணக்கு டீச்சரோ அறிவியல் சாரோ பார்ப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றக் கடைசி நாளன்று நெட் போனால் எல்லோரும் தேடி வருவது அவர்களைத்தான்.

நெட் வரவில்லை என்றதும் கை நேராக ரவுட்டரின் சுவிட்சுக்குப் போகும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சில நேரம் சரியாகியும் விடும். ஆனால் எதனால் போனது என்ற தடயமும் அதோடு அழிந்துபோகும், அடுத்த வாரம் அதே பழுது திரும்ப வரும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: எத்தனை கம்ப்யூட்டரில் வரவில்லை? ஒன்றிலா, ஒரு வரிசையிலா, லேப் முழுக்கவா, பள்ளி முழுக்கவா? பழுது எங்கே என்பதை இந்தப் பதிலே முக்கால்வாசி சொல்லிவிடும். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை

பக்கத்து மேசையில் நெட் வருகிறது என்றால் ரவுட்டரைத் தொட வேண்டியதே இல்லை. முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிள் செருகும் இடத்தில் சின்ன லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், அதன் இரு முனைகள், ஸ்விட்ச் போர்ட், நெட்வொர்க் கார்டு இந்த நான்கில் ஒன்றுதான். பக்கத்து மேசையில் ஒழுங்காக வேலை செய்யும் கேபிளை உருவி இங்கே செருகுங்கள். நெட் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் நல்லபடியாக இருக்கிறது, கேபிள் வழியில்தான் கோளாறு. வரவில்லை என்றால் கம்ப்யூட்டரில் கோளாறு. இந்த ஒரு மாற்றலில் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

கேபிள்தான் என்று தெரிந்தால் பிளக்கைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். செருகினால் 'டிக்' சத்தம் வராது, மாணவர் கால் பட்டதும் அரை மில்லிமீட்டர் பின்னால் நகரும், நெட் போகும். அப்புறம், கேபிளின் வெளித்தோல் பிளக்குக்குள் நுழைந்து அங்கே கடிபட்டு நிற்க வேண்டும். வண்ண வண்ண இழைகள் பிளக்குக்கு வெளியே தெரிந்தால் இழுவை முழுவதும் அந்த மெல்லிய இழைகளின் மேல் விழும். இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் அறுந்துவிடும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்வதுதான் (இழைகளைப் புதுப் பிளக்கில் வைத்துக் கருவியால் அழுத்துவதுதான்) சரி. வண்ண வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

லைட் எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைத் தட்டினால் அந்த இயந்திரத்தின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண், தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டு யாரும் பதில் சொல்லாததால் விண்டோஸ் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிள் அரைகுறையாகத் தொடர்பில் இருக்கலாம், அல்லது முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை ரவுட்டர் செய்யவில்லை. ஒரே இயந்திரத்தில் மட்டும் இப்படி என்றால் முதல் காரணத்தையே சந்தேகியுங்கள். முகவரி ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் மற்ற இயந்திரங்களோடு ஒட்டாத எண் என்றால், எப்போதோ யாரோ கையால் பதிந்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள்.

நெட் வருகிறது, ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் மெதுவாக இருக்கிறது

கேபிளில் நான்கு ஜோடி இழைகள் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஓர் இழை விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ன என்று பார்த்தால் தெரிந்துவிடும். லேபில் மற்றதெல்லாம் 1000 காட்ட, இது மட்டும் 100 என்றால் கேபிளைப் பாருங்கள்.

இதைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமானது ஒன்று இருக்கிறது. மலிவான கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரியும், ஆனாலும் வேகம் வராது, அடிக்கடி அறுபடும். மேலே சொன்ன வரிசையில் பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கிரிம்ப் செய்துவிடுகிறார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி செய்திருப்பதால் டெஸ்டர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஜோடியில்தான் சிக்னல் போக வேண்டும். வெவ்வேறு ஜோடியின் இழைகளில் போனால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறும். டெஸ்டரை நம்பி விட்டுவிடாமல், ஊடுருவித் தெரியும் பிளக்கின் வழியாக நிறங்களை ஒரு முறை கண்ணால் படியுங்கள்.

ஒரு வரிசை முழுவதும் போய்விட்டது

அந்த வரிசைக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேசைக்கு அடியில் ஒரு சின்ன எட்டு போர்ட் ஸ்விட்ச் இருக்கும். அதன் அடாப்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து கழன்றிருக்கும், அல்லது பெரிய ஸ்விட்சிலிருந்து அதற்கு வரும் கேபிள் விட்டுப்போயிருக்கும். வரிசைக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை எட்ட முடிகிறது, வெளியேதான் போக முடியவில்லை என்றால் வரும் கேபிள்தான். லைட்டே எரியவில்லை என்றால் அடாப்டர். அடாப்டர் முழுதாகச் சாகாமல் வோல்டேஜ் மட்டும் இறங்கிப் போவதும் உண்டு. அப்போது ஸ்விட்ச் லைட் எரியும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தானே அணைந்து எழும். அதே வோல்டேஜும் அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியரும் உள்ள அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று இரண்டிலும் அச்சிட்டிருக்கும், அது பொருந்த வேண்டும்.

லேப் முழுக்கப் போச்சு, ஸ்விட்சில் எல்லா லைட்டும் ஒன்றாகத் துடிக்கிறது

பள்ளிகளில் அதிக நேரத்தைத் தின்னும் பழுது என்று நான் இதைத்தான் சொல்வேன். முந்தின நாள் வரை எல்லாம் நன்றாக ஓடியிருக்கும். பொதுத்தேர்வுக்காக மேசைகளை நகர்த்தியிருப்பார்கள், தேர்தலுக்கு அந்த அறையை வாக்குச்சாவடியாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது வெள்ளையடித்திருப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு கேபிள் முனை தரையில் அனாதையாகக் கிடப்பதைப் பார்த்து, யாரோ நல்லெண்ணத்தில் அதை ஸ்விட்சில் காலியாக இருந்த போர்ட்டில் செருகியிருப்பார்கள். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும்.

அப்போது நடப்பது இது. நெட்வொர்க்கில் எல்லோருக்குமாக அனுப்பும் செய்திகள் உண்டு; இந்த முகவரி யாருடையது என்று கேட்பது அப்படி ஒன்று. ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் வெளியே விடும். ஒரு கேபிள் வளையமாக இருந்தால் வெளியே போனது அதன் வழியாக உள்ளே திரும்பி வரும், மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகும், மறுபடி வரும். ஒரு சில நொடிகளில் ஸ்விட்சுக்கு வேறு எதையும் கவனிக்க நேரமிருக்காது. யாருமே கம்ப்யூட்டரைத் தொடாதபோதும் எல்லா லைட்டும் ஓய்வின்றி, ஒரே வேகத்தில், ஒன்றாகத் துடித்தால் வளையம் இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாம். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு லைட்டும் தன் போக்கில் விட்டு விட்டுத்தான் மினுக்கும்.

ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் இது போகாது. ஸ்விட்சை ஆஃப் பண்ணினால் ஒரு நிமிடம் சரியானது போலத் தோன்றி மறுபடி தொடங்கும். செய்ய வேண்டியது இதுதான்: முதலில் ஸ்விட்சின் முகப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எது எங்கே இருந்தது என்பது தெரிய வேண்டும். அப்புறம் பாதிக் கேபிள்களை உருவிவிடுங்கள். துடிப்பு அடங்கினால் பழுது உருவிய பாதியில் இருக்கிறது, அடங்காவிட்டால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 24 போர்ட் ஸ்விட்சாக இருந்தாலும் ஐந்து சுற்றுக்குள் அந்தக் கேபிள் கையில் வந்துவிடும். ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பவர்கள் அரைநாள் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மேசைக்கு அடியில் இரண்டு சின்ன ஸ்விட்ச்கள் இருந்து, அவற்றுக்கு இடையே இரண்டு கேபிள் போயிருந்தாலும் இதே கதைதான். இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரண்டு மடங்காகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விலை குறைந்த சாதாரண ஸ்விட்சில் வளையம்தான் உண்டாகும். வளையத்தைத் தானே கண்டுபிடித்து அந்தப் போர்ட்டை மூடிவிடும் வசதியுள்ள ஸ்விட்ச்கள் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

காலையில் வந்தது மதியம் இல்லை. சிலதில் வருகிறது, சிலதில் வரவில்லை

எந்தக் கம்ப்யூட்டரில் வரும், எதில் வராது என்பதற்கு ஒரு ஒழுங்கே தெரியாது. வராத ஒன்றில் ஐபிகான்ஃபிக் தட்டி, டீஃபால்ட் கேட்வே என்று காட்டும் எண்ணைப் பாருங்கள், அது ரவுட்டரின் முகவரி. நெட் வரும் ஒன்றிலும் பாருங்கள். ஒன்றில் 192.168.1.1, இன்னொன்றில் 192.168.0.1 என்றிருந்தால் உங்கள் பள்ளியில் இரண்டு பேர் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதை லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் மாட்டினால் அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இன்று வந்தது நாளை வராமல் போகிறது.

பழைய ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபியை நிறுத்துங்கள், அதற்கு உங்கள் நெட்வொர்க்கில் யாருக்கும் இல்லாத ஒரு முகவரியைக் கொடுங்கள், கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் மாட்டாமல் லேன் போர்ட்டிலேயே மாட்டுங்கள். இனி அது வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும்.

எல்லாவற்றிலும் கேட்வே ஒன்றுதான், ஆனால் மதியத்துக்கு மேல் புதிதாக ஆன் பண்ணும் இயந்திரங்களுக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை என்றால் கையிருப்பு தீர்ந்திருக்கிறது. ரவுட்டரில் 50 முகவரி ஒதுக்கி, 24 மணி நேரக் கெடு வைத்திருந்தால், காலையில் வாசலில் நுழைந்த அத்தனை செல்போனும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கும். முகவரி வரம்பை விரித்து, கெடுவை இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைத்தால் சரியாகிவிடும்.

பள்ளி முழுக்க நெட் இல்லை

ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற லைட் சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் நிற இழையை யாரோ கூர்மையாக மடித்துவிட்டார்கள். மடிப்பை நிமிர்த்திப் பாருங்கள். அதற்கு மேல் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான், நீங்கள் லேபில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சிவப்பு இல்லை என்றால், ஓர் எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையால் மூன்று படியாகச் சோதியுங்கள். முதலில் ரவுட்டரின் எண்ணுக்கு. பதில் வராவிட்டால் பழுது உள்ளேதான். பதில் வந்தால், இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8க்கு. அதற்கு வராவிட்டால் ரவுட்டருக்கு வெளியே: கட்டணம் கட்டவில்லையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அலுவலகத்தில் பில் தேங்கிப்போவது நடக்கக்கூடியதுதான். 8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் எந்தத் தளத்தின் பெயரைப் போட்டாலும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டால் நெட் வந்துவிடும். மாணவர்கள் உட்காரும் லேப் என்பதால் 1.1.1.3 போடுவதையே நான் விரும்புவேன். ஆபாசத் தளங்களையும் தீங்கு செய்யும் தளங்களையும் அது தடுக்கும், செலவும் கிடையாது.

ரவுட்டர் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் பூட்டியிருந்து, அவர் மீட்டிங்குக்குப் போயிருந்தால் இதில் எதையுமே பார்க்க முடியாது. இதை அவரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் இருக்கிறது, ஆனால் தளம் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் லேபைத் திறக்கும்போது இதை எதிர்பார்க்கலாம். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள், ஏதோ பழைய வருடத்தைக் காட்டும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் அந்தத் தளத்தை நம்ப மறுக்கும். மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரிதான் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுகிறது. விடுமுறை முழுவதும் மெயினை அணைத்து வைத்திருந்ததில் அது தீர்ந்திருக்கும். புதிய பேட்டரி 3 வோல்ட். கரண்டைத் துண்டித்துவிட்டு மாற்றுங்கள், தேதியைச் சரிசெய்யுங்கள். ஒன்றில் தீர்ந்தால் அதே ஆண்டு வாங்கிய மற்றதிலும் சீக்கிரம் தீரும், மொத்தமாக வாங்கி வைப்பது நல்லது.

பொது ஃபோல்டர் திறக்கவில்லை, பிரின்டர் ஆஃப்லைன் என்கிறது

ஆசிரியர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, மாணவர்களை அதிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள். முதல் இருபது பேருக்குத் திறக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. இது பழுதே இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரே நேரத்தில் இருபது இணைப்புதான் அனுமதி. முப்பது பேர் உள்ள லேபுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சாம்பா என்ற மென்பொருள் வழியாக ஃபோல்டரைப் பகிர்ந்தால் இந்த எல்லை கிடையாது. யாருக்குமே திறக்கவில்லை என்றால் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிந்திருக்கிறதா என்று பார்த்து 'பிரைவேட்' ஆக்குங்கள்.

பிரின்டர் விஷயம் சுலபம். அதன் முகவரி மாறியிருக்கும், கம்ப்யூட்டர்கள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பிரின்டருக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பாடம் தொடங்கியதும் எல்லோருக்கும் மெதுவாகிறது

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 720 தரத்தில் ஒரு வீடியோ ஓட நொடிக்குச் சுமார் 2.5 மெகாபிட் வேண்டும். இருபது பேர் தனித்தனியாக ஒரே வீடியோவைப் பார்த்தால் 50 மெகாபிட். இணைப்பு 30 என்றால் எந்த ஸ்விட்சை மாற்றியும் பயனில்லை. அந்த வீடியோவை ஒரு முறை இறக்கிப் பொது ஃபோல்டரில் வைத்தால் லேபுக்குள்ளேயே கிகாபிட் வேகத்தில் ஓடும். நெட் பலவீனமான ஊர்ப் பள்ளிகளுக்கு கோலிப்ரி, கிவிக்ஸ் என்ற இரண்டு இலவச மென்பொருள்களையும் மனதாரப் பரிந்துரைப்பேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவிவிட்டால் பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் இணையமே இல்லாமல் பிள்ளைகள் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து ஒரு லேபுக்கு இதைவிடப் பெரிய உதவியை இவ்வளவு குறைந்த செலவில் செய்ய முடியாது.

இணைப்பு போதுமானது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் விண்டோஸ் அப்டேட்டைப் பாருங்கள். வாரக்கணக்கில் அணைந்திருந்த இருபது இயந்திரங்களும் ஒன்றாக எழுந்தால் ஒன்றாகவே இறக்கத் தொடங்கும். லேப் வகுப்பு இல்லாத ஒரு நாள் மாலையில் எல்லாவற்றையும் ஆன் பண்ணி வைத்து, அப்டேட்டை முடித்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 11க்கு மாற முடியாத பழைய இயந்திரங்களில் உபுண்டு லினக்ஸோ, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ போடுவது பற்றி யோசியுங்கள்.

வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்தில் இருப்பவை எதில் இருக்கின்றன என்று பார்த்து வேறொன்றுக்கு மாற்றுங்கள். லேப் கம்ப்யூட்டர்களை வைஃபையில் ஓட்டாதீர்கள், மேசையில் அசையாமல் இருக்கும் இயந்திரத்துக்குக் கேபிள்தான்.

இடி மின்னலுக்கு அப்புறம்

சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இது நடக்கும். ஸ்விட்சில் சில போர்ட்கள் மட்டும் செத்திருக்கும், நேராக அவற்றோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் கார்டும் போயிருக்கும். அலுவலகக் கட்டடத்திலிருந்து லேப் கட்டடத்துக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். மின்னல் பக்கத்தில் விழுந்தாலே அந்த நீளமான செம்பில் மின்னழுத்தம் ஏறி இரு முனையிலும் இறங்கும். செத்த போர்ட்டை விட்டுவிட்டு மற்றதில் மாட்டி ஓட்டலாம்தான், ஆனால் அடி வாங்கிய ஸ்விட்ச் நாளைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வர்ட்டர் போதும். தாங்குவதற்கு உலோகக் கம்பி சேர்த்த ஃபைபர் என்றால் அந்தக் கம்பியை உபகரணம் வரை கொண்டு போகக் கூடாது, அதற்கு எர்த் கொடுக்க வேண்டும். லேபின் எர்த்திங்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் தங்கினால் அதைச் சரிசெய்யாமல் புதுக் கருவி எதையும் மாட்டாதீர்கள்.

புதிதாகப் போடும்போது

மேலே சொன்ன பழுதுகளில் பாதியைத் திட்டமிடும் நாளிலேயே தடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் எண் போடுங்கள். ஏழாம் மேசைக்குச் சுவரில் 7, கேபிளின் இரு முனையிலும் 7, ஸ்விட்சில் ஏழாம் போர்ட், முகவரி 192.168.10.107. மாணவர் எழுந்து 'சார், ஏழுல நெட் வரல' என்று சொன்ன உடனே எந்தப் போர்ட்டைப் பார்ப்பது, எந்த எண்ணுக்கு பிங் அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கடைசி எண்ணாக ரவுட்டருக்கு 1, பொது ஃபோல்டர் இருக்கும் இயந்திரத்துக்கு 10, பிரின்டருக்கு 20, லேபுக்கு 101 முதல் 130, செல்போன்களுக்கு 150 முதல் 250 என்று ஒதுக்கினால் நினைவில் நிற்கும். முகவரியில் மூன்றாவது எண் ஏன் 10 என்றால், கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பலவும் 192.168.0 அல்லது 192.168.1 என்றே வருகின்றன. யாராவது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால் அந்நிய எண் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

மேசைகளுக்கு அடியில் சின்னச் சின்ன ஸ்விட்ச்களாகச் சங்கிலி போடுவதைவிட, மூலையில் பூட்டும் பெட்டிக்குள் ஒரே 24 அல்லது 48 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வைத்து, ஒவ்வொரு மேசைக்கும் நேராகக் கேபிள் இழுப்பது நல்லது. கேபிள் செலவு கூடும், பழுது தேடும் நேரம் வெகுவாகக் குறையும். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் ஒயரோடு ஒரே குழாயில் போகக் கூடாது. எலிக்குப் பயந்தாவது பிவிசி கேசிங் போட்டுவிடுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது 'கேட்6 கேபிள்' என்று மட்டும் எழுதினால் போதாது, 'முழுச் செம்பு' என்று எழுதுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கிறது, பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று முறை மடித்தால் முறிந்துவிடும், கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். வந்திறங்கிய பெட்டியை ஆள் இருக்கும்போதே திறந்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அலுவலகக் கம்ப்யூட்டரும் மாணவர் கம்ப்யூட்டரும் ஒரே வலையில் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. மாணவர்களின் பெயர், ஆதார் விவரம், மதிப்பெண் எல்லாம் அந்த அலுவலகக் கணினியில் இருக்கிறது. ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வீலான் வசதியுள்ள ஸ்விட்ச் வாங்கி இரண்டையும் பிரித்துவிடுங்கள். செல்போன்களுக்கு ரவுட்டரின் விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, தலைமையாசிரியரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்து வையுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்குக் கிடைக்கும்.

வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதும் ஒவ்வொரு மேசைக்கும் போய் இணைப்பு வேகம் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் பொது ஃபோல்டரிலிருந்து 1 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை அந்த மேசைக்கு நகல் எடுங்கள். கேபிள் ஒழுங்காக இருந்தால் பத்துப் பதினைந்து நொடியில் வந்துவிடும். 100க்கு இறங்கிய கேபிளில் ஒன்றரை நிமிடம் ஆகும். அப்படி ஆகிற மேசைகளின் எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, அந்தக் கேபிள்களை மாற்றி, மறுபடி நகல் எடுத்துப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.